நாற்பது வாட் பல்பும் ஒரு பாக்குவெட்டியும்

1958-ஆம் வருஷம், ஐப்பசி அடைமழைக் காலம். புதுச்சேரியில் வைத்திக்குப்பத்துக்கு இரண்டு தெரு இந்தப் பக்கம், ஒரு முஸ்லிம் வியாபாரியின் வீட்டுப் பின்கட்டில் நானும் என் மனைவியும் வாடகைக்குக் குடியிருந்தோம். எனக்கு அப்போது இருபத்தாறு வயது. வேலை வயரிங். வீடுகளுக்குப் புதிதாகக் கரண்ட் இழுத்துக் கொடுக்கிற ஒரு கடையில் ஆறு வருஷமாக ஏணி தூக்கிக்கொண்டிருந்தேன்.

எனக்கு வாய் கொஞ்சம் அதிகம். இப்போதும் குறைந்துவிடவில்லை, ஆனால் அப்போது கேட்கவே வேண்டாம். எங்கள் கிராமத்தில் அன்றைக்கு ஒரு விளக்குக் கம்பம் கிடையாது. கமலை இறைத்து நெல் போட்ட குடும்பத்திலிருந்து டவுனுக்கு வந்து கரண்ட்டில் கை வைத்த முதல் ஆள் நான். ஊருக்குப் போனால் பெரியவர்கள்கூட "கரண்ட்டுக்காரர் வந்திருக்காரு" என்பார்கள். அப்புறம் தலைகால் புரியுமா?

பிரெஞ்சுக்காரன் போய் நாலு வருஷம் ஆகியிருந்தது. அதுவரைக்கும் "இவன் நல்லா செய்வான்" என்று முதலாளி ஒரு வார்த்தை சொன்னால் போதும், வேலை நடந்தது. இப்போது லைசென்ஸ் கேட்டார்கள். லைசென்ஸ் வேண்டுமென்றால் பரீட்சை எழுத வேண்டும். எனக்கு வேலை தெரியும், புத்தகத்தில் இருக்கிற பெயர்தான் தெரியாது. ஃபியூஸ் கம்பியை எங்கள் கடையில் "ப்ளோம்" என்போம். பிரெஞ்சில் ஈயம் என்று அர்த்தம். பரீட்சைப் பேப்பரில் ப்ளோம் என்று எழுதினால் யார் மார்க் போடுவார்கள்? அதனால் தமிழில் எழுதிய ஒரு பழைய மின்சாரப் புத்தகத்தை வாங்கி, வேலை முடிந்து வந்து சாயங்காலங்களில் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தேன்.

நான் படிக்க ஆரம்பித்த ஆவணியில் என் மனைவி ஆறு மாதக் கர்ப்பிணி. எட்டாவது வரை படித்தவள். அரிசி பொறுக்கிக்கொண்டே நான் படிப்பதைக் கேட்பாள். கேட்பவள் சும்மா கேட்க மாட்டாள், நடுவில் ஒரு கேள்வி போடுவாள்.

"தண்ணின்னா மேட்டுலேர்ந்து பள்ளத்துக்கு ஓடுது. கரண்ட்டுக்கு ஏதுங்க மேடு?"

நான் பெரிய வாத்தியார் போல விளக்கினேன். அந்த மேடுதான் வோல்ட். மேடு எவ்வளவு உயரமோ அவ்வளவு வேகமாகத் தள்ளும். வாய்க்காலில் ஓடுகிற தண்ணீர் எவ்வளவு என்பது ஆம்பியர். வாய்க்கால் ஒரு இடத்தில் குறுகினால் தண்ணீர் முட்டிக்கொண்டு போகிறதே, அந்த முட்டலுக்குப் பெயர் ரெசிஸ்டன்ஸ். பல்புக்குள் இருக்கிற கம்பி தலைமயிரைவிட மெல்லிசு. அதற்குள் கரண்ட் இடித்துப் பிடித்துக்கொண்டு போகிறபோது கம்பி சூடேறுகிறது. சூடு முற்றினால் வெளிச்சம்.

"அப்ப மொதல்ல சூடு, பொறவுதான் வெளிச்சம்னு சொல்லுங்க" என்றாள். புத்தகத்தில் ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்ததை ஒரே வரியில் முடித்துவிட்டாள். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

ஷார்ட் சர்க்யூட் என்கிற பாடம் வந்தது. போகிற கம்பி ஒன்று, திரும்புகிற கம்பி ஒன்று, நடுவில் பல்பு மாதிரி ஏதாவது ஒன்று இருந்து கரண்ட்டைத் தடுத்து வேலை வாங்க வேண்டும். அது இல்லாமல் ஒரு இரும்பு இரண்டு கம்பியையும் நேராகத் தொட்டுவிட்டால் தடுக்க ஆளில்லை. மடை பிடுங்கிக்கொண்ட மாதிரி கரண்ட் பாயும், கம்பி பழுக்கும், வீடு எரியும். அப்படி ஆகாமல் இருக்கத்தான் ஃபியூஸ். வழியில் ஒரு இடத்தில் வேண்டுமென்றே மெல்லிய ஈயக் கம்பியை வைப்பது. அளவுக்கு மீறினால் அது முதலில் உருகி, வழியை அறுத்துவிடும்.

அவள் அரிசி பொறுக்குவதை நிறுத்திவிட்டு யோசித்தாள். "ஏரிக்குக் கலங்கல் விடறாப்போல. கரை ஒடஞ்சி ஊரு முழுவக் கூடாதுன்னு நாமளே ஒரு எடத்துல தணிவா விட்டு வெக்கிறோமே."

பரீட்சையில் இதையே எழுதலாம் என்று குறித்து வைத்துக்கொண்டேன். அவள் சொன்னது என்று யாரிடமும் சொல்லவில்லை.

அவளுக்கு எட்டாம் மாதம் தொடங்கிப் பத்து நாள்கூட ஆகவில்லை. ஒரு மத்தியானம் அவளுக்கு வலி எடுத்துவிட்டது. ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. ஒன்றரை கிலோவுக்கும் குறைவு. ஒரு கையில் ஏந்தினால் மறு கைக்கு வேலையில்லை. எங்கள் பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு, ஏழாம் மாதத்தில் பிறந்தது தங்கும், எட்டாம் மாதத்தில் பிறந்தது தங்காது என்று. எந்தக் கணக்கில் சொன்னார்களோ தெரியாது. ஆனால் குழந்தையைப் பார்க்க வந்த ஒவ்வொருவர் முகத்திலும் அது எழுதியிருந்தது.

எட்டு நாள் வைத்திருந்துவிட்டு அனுப்பினார்கள். அங்கே வேலை பார்த்த நர்ஸம்மா எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில்தான் இருந்தார். பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்த கிறிஸ்தவ அம்மாள், நடுநடுவே பிரெஞ்சு வரும். "வீட்டுக்கு வந்து பாத்துக்கறேன். பால இங்க் ஃபில்லர்ல சொட்டுச் சொட்டா விடுங்க, சப்பறதுக்கு அதுக்கு இன்னும் தெம்பு வரல. முக்கியமா சூடு. மழையில ஒடம்பு சில்லுனு ஆயிடக் கூடாது. ஆச்சின்னா என்னால ஒண்ணும் செய்ய முடியாது" என்று சொல்லி அனுப்பினார்.

சூடுதானே? நமக்குத் தெரியாத சூடா? வீட்டுக்காரர் கடைக்குச் சோப்பு வந்த மரப்பெட்டி ஒன்றை வாங்கி இரண்டு அடுக்காகத் தடுத்தேன். மேல் அடுக்கில் பஞ்சும் பழைய வேட்டியும் விரித்துக் குழந்தை. கீழ் அடுக்கில் ஒரு ஹோல்டரில் நாற்பது வாட் பல்பு. பக்கத்தில் ஒரு இழுவைப் பலகை, பல்பு மாற்றுவதற்கு. காற்றுக்கு வரிசையாக ஓட்டைகள். பல்பைப் போட்டால் ஓட்டை வழியாக மஞ்சள் வெளிச்சம் சுவரில் புள்ளி புள்ளியாக விழும். மேலே கை வைத்துப் பார்த்தால் அடை காக்கிற கோழியின் வயிற்றடி போல இதமாக இருந்தது. தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது.

ஆனால் அந்தப் பெட்டியில் இரண்டு குறை வைத்தேன். ஹோல்டர் பழசு, அதன் மூடி உடைந்திருந்தது. உள்ளே யார் கை விடப்போகிறார்கள் என்று, இரண்டு பித்தளைத் திருகும் வெளியே தெரிய அப்படியே பொருத்திவிட்டேன். இன்னொன்று, அன்றைக்குக் கையில் ஃபியூஸ் கம்பி இல்லை. எங்கள் பின்கட்டுக்கான ஃபியூசில் ஒரு செம்புக் கம்பியை முறுக்கிப் போட்டேன். வேலைக்காரர்கள் எல்லோரும் செய்கிற திருட்டு வேலைதான்.

என் மனைவி படுத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தாள். "இது தடியா இருக்கே. உருகுமா?"

"பரீட்சைக்கு நீ போறியா, நான் போறனா?"

அவள் குழந்தைப் பெட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை தாங்காமல் மழையில் கடைக்குப் போய் ஈயக் கம்பி கொண்டுவந்து மாற்றினேன். முணுமுணுத்துக்கொண்டேதான் மாற்றினேன்.

அன்றைக்கே கிராமத்திலிருந்து என் அக்கா வந்து சேர்ந்தாள். என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவள். என்னைத் தூக்கி வளர்த்தவள். அவளுக்குப் பிறந்த இரண்டு குழந்தைகளும் பத்து நாள் தாண்டவில்லை. அதற்கப்புறம் அவளுக்குப் பிறக்கவும் இல்லை. வந்ததும் கால் கழுவிக்கொண்டு நேராகப் பெட்டியருகே போனாள். நின்று பார்த்தாள். பிறகு இடுப்புச் சுருக்குப்பையிலிருந்து பாக்குவெட்டியை எடுத்துக் குழந்தையின் தலைமாட்டில் வைத்தாள். பச்சைக் குழந்தை பக்கத்தில் ஒரு இரும்பு இருந்தால் காத்துக் கருப்பு அண்டாது என்று எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் வைப்பார்கள்.

நான் விட்டேனா? வீட்டுக்கார அம்மாவும் அங்கே நின்றிருந்தார். பேசுவதற்குக் கூட்டம் இருந்தால் எனக்குக் கேட்க வேண்டுமா? பாக்குவெட்டியை எடுத்துத் தாழ்வாரத்தில் வீசினேன்.

"அக்கா, கீழ கரண்ட் ஓடுது. இரும்பு என்னா பண்ணும் தெரியுமா? கடத்தும். பேய ஓட்டறேன்னு புள்ளைய ஓட்டிடாத. படிக்காத ஜனம் கொழந்தைங்கள இப்டித்தான் கொல்லுது."

அவளுக்குப் போன இரண்டு குழந்தைகள் எனக்கு ஞாபகம் இல்லாமல் இல்லை. இருந்தும் அந்தக் கடைசி வார்த்தை வாயிலிருந்து வந்துவிட்டது. அக்கா தாழ்வாரத்துக்குப் போய்ப் பாக்குவெட்டியை எடுத்து, முந்தானையில் சேற்றைத் துடைத்து, பையில் போட்டுக்கொண்டாள்.

பரீட்சைக்கு நாலு நாள் இருந்தது. மழை விடவில்லை. குழந்தை அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தது. ஃபில்லரில் விட்ட பாலில் பாதி கடைவாயில் வழிந்தது. பரீட்சைக்கு முந்தின சாயங்காலம் நர்ஸம்மா வந்தார். விரல் நுனிகளைப் பிடித்துப் பிடித்துப் பார்த்தார். லேசாக நீலம் ஓடியிருந்தது. "கூராஜ், தம்பி" என்றார். தைரியமாக இரு என்று அர்த்தம். "இந்த மழை தாண்டட்டும், பாப்போம்." ஒன்றும் ஆகாது என்று அவர் சொல்லவில்லை. நான் அந்த ஒரு வார்த்தைக்காக அவரோடு வாசல் வரைக்கும் குடை பிடித்துக்கொண்டு போனேன். அப்போதும் சொல்லவில்லை.

மறுநாள் விடிகிற நேரத்தில் படிக்க எழுந்தேன். புத்தகத்தை எடுக்குமுன் பெட்டியை எட்டிப் பார்த்தேன். குழந்தையின் நெஞ்சு அசையவில்லை. நான் குனிந்தேன். அசையவில்லை. எவ்வளவு நேரம் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது, என் ஆயுசில் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஒரு சின்ன விசும்பல் போல மூச்சு வந்தது. அசைந்தது.

 அக்கா தலைமாட்டில் சுருக்குப்பை கிடந்தது. நான் அதிலிருந்து பாக்குவெட்டியை எடுத்தேன். ஆமாம், நான்தான். மேலே வைத்தால் எல்லோரும் பார்ப்பார்களே! நாலு நாள் முன்னால் அத்தனை பேச்சுப் பேசினவன் எந்த முகத்தோடு வைப்பது? இழுவைப் பலகையைத் திறந்து, பல்பு இருக்கிற கீழ் அடுக்கில், ஹோல்டருக்கு ஒரு ஜாண் தள்ளி, மூலையில் வைத்தேன். ஒரு ஜாண் போதும், தொடாது என்று அளந்துதான் வைத்தேன். மூடநம்பிக்கையிலும் ஒரு வயர்மேன் கணக்கு! குலதெய்வத்தின் பெயரைச் சொல்லிவிட்டுப் பலகையை மூடினேன். கிளம்புகிற நேரத்தில் அக்கா பையைத் துழாவிக்கொண்டே, "எம் பாக்குவெட்டிய பாத்தியா தம்பி?" என்றாள். "நான் ஏன் அத பாக்கறேன்?" என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்தேன். அவள் பாக்கைப் பல்லால் கடித்து உடைக்கிற சத்தம் கேட்டது.

பரீட்சையில் என்ன கேட்டார்கள் தெரியுமா? ஷார்ட் சர்க்யூட் என்றால் என்ன, ஃபியூஸ் எதற்கு என்று கேட்டிருந்தார்கள். நான் ஏரி, கலங்கல் எல்லாம் போட்டு ஒன்றரைப் பக்கம் எழுதினேன். பிறகு வாய்மொழியாகக் கேட்ட அதிகாரி, "கரண்ட் இருக்கற எடத்துல எத வெக்கக் கூடாது?" என்றார். "இரும்புச் சாமான் எதையும் வெக்கக் கூடாது சார், எவ்ளோ தள்ளி வெச்சாலும் நவுந்துடும்" என்று கணீரென்று சொன்னேன். அவர் சிரித்துத் தலையாட்டினார். சத்தியமாகச் சொல்கிறேன், அதைச் சொல்லும்போதுகூட எனக்கு உறைக்கவில்லை. புத்தகத்தில் படித்தது புத்தகத்தோடு போயிற்று.

இரண்டு மணிக்கு வீடு வந்தேன். பெட்டி ஜன்னலோரத்திலிருந்து இழுக்கப்பட்டு நடு அறையில் இருந்தது. சுவரில் வெளிச்சப் புள்ளிகள் இல்லை. மேலே கை விட்டேன். பஞ்சு சில்லென்று இருந்தது. வேட்டியைத் தள்ளித் தடவினேன். குழந்தை இல்லை.

 என்ன கத்தினேன் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

"கத்தாதீங்க, தூங்குது" என்று சமையல்கட்டிலிருந்து குரல் வந்தது.

அடுப்புப் பக்கத்துச் சுவரில் சாய்ந்து என் மனைவி உட்கார்ந்திருந்தாள். ரவிக்கைக்குள், வெறும் நெஞ்சோடு நெஞ்சாகக் குழந்தை. மேலே அவள் புடவையும் அதற்கு மேல் அக்காவின் புடவையும் சுற்றியிருந்தது. குழந்தையின் தலை மட்டும் ஒரு எலுமிச்சம்பழம் அளவுக்குத் தெரிந்தது. எதிரே அக்கா உட்கார்ந்து, அவள் கை அசையக் கூடாது என்று கஞ்சியை ஸ்பூனில் ஊட்டிக்கொண்டிருந்தாள்.

நான் தெருமுனை திரும்பியிருக்க மாட்டேனாம். சாரல் ஜன்னல் வழியாக அடித்திருக்கிறது. அக்கா பெட்டியைப் பிடித்து உள்ளே இழுத்திருக்கிறாள். கீழே ஏதோ சறுக்குகிற சத்தம், 'பட்'டென்று ஒரு நீல வெளிச்சம், பல்பு போய்விட்டது. என் மனைவி ஒரு கணம்கூட யோசிக்காமல் குழந்தையைத் தூக்கி நெஞ்சுக்குள் போட்டுக்கொண்டிருக்கிறாள். "எதயும் தொடாதீங்க அண்ணி, அவரு வந்துதான் தொடணும்" என்று அக்காவைத் தடுத்துவிட்டாள். வீட்டுக்கார அம்மா பாட்டிலில் வெந்நீர் ஊற்றித் துணி சுற்றி இரண்டு பக்கமும் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அப்படியே உட்கார்ந்தது உட்கார்ந்தபடி, நாலரை மணி நேரம்.

பயந்து பயந்து குழந்தையின் பாதத்தைத் தொட்டேன். என் விரலைவிட அது வெதுவெதுப்பாக இருந்தது.

"ரெண்டு வாட்டி தானா சப்பிக் குடிச்சிச்சிங்க" என்றாள் என் மனைவி. பிறந்ததிலிருந்து முதல் தடவை. அவள் முகத்தில் களைப்பு, கழுத்தெல்லாம் வேர்வை, ஆனால் அவள் கண்ணைப் போல ஒரு கண்ணை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. நாற்பது வாட்டுக்குப் பெட்டி செய்து தெருவைக் கூட்டிக் காட்டினேனே, அவள் பக்கத்திலேயே இருந்ததை நான் யோசித்ததுகூட இல்லை.

ஃபியூசைக் கழற்றினேன். ஈயக் கம்பி உருகிக் கரியாகி இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டிருந்தது. பழைய செம்புக் கம்பி இருந்திருந்தால் அது உருகியிருக்காது. கீழே பொறி பறந்துகொண்டே இருந்திருக்கும், மேலே பஞ்சு.  பெட்டியின் பலகையை இழுத்தேன். இரண்டு பித்தளைத் திருகுக்கும் குறுக்கே, கருகி, முனை தின்றுபோய்க் கிடந்தது பாக்குவெட்டி.

அக்கா எட்டிப் பார்த்தாள். காலையில் அவள் தேடிய பாக்குவெட்டி. அவள் வைக்கவில்லை, என் மனைவி கட்டிலை விட்டு அவ்வளவாக இறங்குவதில்லை. வேறு யார் வைத்திருக்க முடியும்? அவள் என் முகத்தைப் பார்த்தாள். ஒரு நிமிஷம்தான். பிறகு என் மனைவி பக்கம் திரும்பி, "நான்தாம்மா வெச்சேன். மனசு கேக்கல" என்றாள்.

இங்கேயாவது என் வாய் சும்மா இருந்ததா? "சொன்னா கேக்கணும்க்கா" என்றது. வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், அப்படித்தான் சொன்னேன். என் மனைவி என்னைப் பார்த்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலையில் நர்ஸம்மா வந்தார். நடந்ததைக் கேட்டதும் "மோன் தியே, ஆண்டவரே!" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். கருகின பாக்குவெட்டியை எடுத்து அக்காவின் முகத்துக்கு நேரே நீட்டிப் பிடிபிடியென்று பிடித்தார். படிக்காத முட்டாள்தனம் என்றார், கொலைக்குச் சமம் என்றார். கடைசியில் என்னிடம் திரும்பி, "புள்ள பொழைக்கணும்னா இவங்கள இன்னிக்கே ஊருக்கு அனுப்பிச்சிடு தம்பி" என்றார்.

அக்கா தலையைக் குனிந்தபடி "போயிடறம்மா" என்றாள். மூலையில் இருந்த மஞ்சள் பையை எடுத்தாள். கொடியில் போட்டிருந்த தன் புடவையை, ராத்திரியெல்லாம் குழந்தைமேல் கிடந்த அதே புடவையை, உருவினாள். மடிக்கத் தெரியாதவள் போல மடித்துக்கொண்டே இருந்தாள். என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன்.

"அவ வெக்கல" என்றேன். "நான்தான் வெச்சேன். நேத்து விடியக்காத்தால. நான்தான்."

  நான் அப்படியே தரையில் உட்கார்ந்து, சின்னப் பிள்ளை போல அழுதேன்.

நர்ஸம்மா பாக்குவெட்டியை மெல்லக் கீழே வைத்தார். என் மனைவிதான் முதலில் பேசினாள். "எனக்கு நேத்தே தெரியும். நீங்க வெக்கறப்ப முழிச்சிக்கிட்டுத்தான் இருந்தேன். நானும் சாமிய வேண்டிக்கிட்டேன். நீங்களா எப்ப சொல்லுவீங்கன்னு பாத்துக்கிட்டிருந்தேன்."

அக்கா பையைப் போட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள். நான் எவ்வளவோ திட்டை எதிர்பார்த்தேன்.

"புள்ள மேல பயத்துலதானேடா வெச்ச?" என்றாள்.

தலையாட்டினேன்.

"நான் வெச்சப்ப மட்டும் எதுல வெச்சேன்னு நெனச்ச? எனக்கு ரெண்டு போச்சிடா. எதையும் வெக்காமதான் போச்சி. இது ஒண்ணுக்காவது வெச்சிப் பாப்போமேன்னு நெனச்சேன். அத ஏண்டா தாவாரத்துல வீசுன?"

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். ஆறு வருஷம் வேலை, மூன்று மாதப் படிப்பு, ஒன்றரைப் பக்கப் பதில், எதிலும் அதற்கு விடை இல்லை.

நர்ஸம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்தார். "யாரும் எங்கயும் போவ வேணாம். புள்ள அம்மா நெஞ்சுலேயே இருக்கட்டும். அவ குளிக்க, சாப்ட எழுந்தா இந்தம்மா நெஞ்சுல போட்டுக்கட்டும். பெட்டிய அப்பறம் பாத்துக்கலாம்" என்று அக்காவைக் காட்டிச் சொல்லிவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு போனார். அன்றைக்கு மத்தியானம் அக்கா முதல் தடவையாகக் குழந்தையை நெஞ்சில் வாங்கிக்கொண்டாள். கண்ணை மூடிக்கொண்டு, மூச்சுக்கூடப் பெரிசாக விடாமல் உட்கார்ந்திருந்தாள். அரை மணி நேரத்துக்கு என்றுதான் கொடுத்தது, என் மனைவி இரண்டு மணி நேரம் திருப்பிக் கேட்கவே இல்லை.

மழை விட்டது. குழந்தையின் விரல் நுனிகளில் நீலம் போய்ச் சிவப்பு வந்தது. தை பிறக்கிறபோது மூன்று கிலோ. அக்கா அறுவடைக்குப் போனாள், முடிந்ததும் திரும்பி வந்துவிட்டாள். பரீட்சையில் நான் தேறினேன், லைசென்சும் வந்தது. ஹோல்டருக்கு மூடி இல்லாமல் அதற்கப்புறம் ஒரு இடத்திலும் நான் வேலை முடித்ததில்லை. அந்தப் பெண்ணுக்கு இப்போது பேரன் பேத்திகள் இருக்கிறார்கள். அக்காவைக் கடைசிக் காலத்தில் ஐந்து வருஷம் வைத்துப் பார்த்துக்கொண்டவளும் அவள்தான்.

எத்தனையோ வீடுகளுக்கு வயரிங் செய்தேன். மீட்டர் பலகையில் தாயத்து கட்டியிருப்பார்கள், மெயின் சுவிட்சின் தலையில் எலுமிச்சம்பழம் தொங்கும், ஃபியூஸ் பெட்டிக்குள் அம்மன் படம் சொருகியிருக்கும். ஆபத்தான இடத்தில் இருந்தால் எடுத்து, வீட்டுக்காரர்களிடமே கொடுத்து, "இதோ இந்த ஆணியில மாட்டிக்குங்க, இங்கேயும் பாத்துக்கும்" என்று ஒரு ஆணி அடித்துக் கொடுத்துவிட்டு வருவேன். வாய் அடங்காத எனக்கு அந்த இடத்தில் மட்டும் இன்றுவரை கேலி வந்ததில்லை. இந்த வீட்டில் யார் யாருக்காகப் பயந்து இதைக் கட்டினார்களோ, அவர்கள் நன்றாக இருக்கட்டும் என்றுதான் நினைத்துக்கொள்கிறேன்.